மழைக்கு எடுக்காத துணி

"கரையானுக்குக் கத்திரிக்கோல் பிடிக்கத் தெரியுமா சார்?"

மருதை இப்படிக் கேட்டதும் அருள்நாதன் நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருப்பது மருதைக்குப் பழகிப்போன சங்கதி. ரயில்வே போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரியோடு மல்லுக்கட்டி, வேலையை உதறிவிட்டுத் தெப்பக்குளத்தருகே ஒரு வளையல் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்ட நாள் முதலாக அந்த மனிதர் எதையும் முழுசாக வாய்விட்டுச் சொன்னதில்லை. கேஸ் முடிந்த பிறகுதான் கேஸ் என்னவென்று உதவியாளனுக்கே தெரியவரும். மண்ணச்சநல்லூரில் அப்பாவின் அரிசி ஆலையில் தவிட்டுத் தூசிக்குத் தும்மிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாமே என்று மருதை அடிக்கடி நினைத்துக்கொள்வான். அப்புறம் மறந்துவிடுவான்.

மேஜை மேல் ஒரு போட்டோ கிடந்தது. சரியாகப் பாதி போட்டோ. மாலையும் கழுத்துமாக ஒரு பெண் நிற்கிறாள். அவள் பக்கத்தில் நின்ற ஆளின் தோள்பட்டை மட்டும் மிச்சம் இருக்கிறது. மற்றதைக் கரையான் தின்றுவிட்டதாம். வெட்டுப்பட்ட ஓரமோ அடிமட்டம் வைத்துக் கோடு போட்டமாதிரி நேராக இருந்தது.

"தின்ன மிச்சத்தை நான்தாங்க நறுக்கி நேர் பண்ணினேன்," என்றான் எதிரே உட்கார்ந்திருந்தவன். பெயர் காத்தமுத்து. நாற்பது வயதிருக்கும். துறையூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் குச்சிக்கிழங்கு போடுகிற குடும்பம் என்று சொல்லியிருந்தான். "தங்கச்சி வள்ளிக்கண்ணுங்க. பர்மாவுல கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை அங்கயே செத்துட்டாரு. போன வருஷம் கப்பல் கப்பலா சனங்க வந்து எறங்குனப்ப இவளும் வந்திருக்கா. அகதி முகாம்ல இருக்கான்னு சேதி வந்து நான் ஓடி வர்றதுக்குள்ள ஆளைக் காணும். இந்த ஊருலதான் எங்கயோ இருக்கா. எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்கய்யா. சோறு தண்ணி எறங்கலை."

சொல்லும்போது அவன் கண் நிஜமாகவே கலங்கியது. மருதைக்கு மனசு இளகிவிட்டது.

"நீங்க பர்மா போனதுண்டா?" என்றார் அருள்நாதன்.

"நானா? கப்பலைப் படத்துலகூடப் பார்த்ததில்லைங்க."

கீழேயிருந்து காப்பி வந்தது. அருள்நாதன் டம்ளரை எடுத்து நீட்டினார். காத்தமுத்து வலது கையால் வாங்கினான். வாங்கும்போது இடது கை விரல்கள் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டன.

"கையில வலியா அண்ணே?" என்றான் மருதை.

"ஆமாந்தம்பி. தோள்ல ஒரு பிடிப்பு."

"முகாமை விட்டுப் போறப்ப என்ன எடுத்துக்கிட்டுப் போனாங்க?" என்று அருள்நாதன் குறுக்கே கேட்டார்.

"துணி மூட்டை ஒண்ணு. அப்புறம் செவப்பும் கறுப்புமா ஒரு அரக்குப் பெட்டி, வெத்தலை வைக்கிறது. அங்க செய்யறதுங்க. அவ்வளவுதான்னு முகாம்ல சொன்னாங்க."

அருள்நாதன் எழுந்து சட்டையை மாட்டினார். "கெளம்புங்க. நடந்துதான் போகணும்."

"எங்க சார்?" என்றான் மருதை. "ஊரு பூரா நடந்தா செருப்புத் தேய்மானத்தை யாரு பார்க்கறது?"

"தனியா வந்து எறங்கின பொம்பளை, இந்த ஊர்க்காரங்ககிட்டப் போக மாட்டா. முன்னாடி வந்து எறங்கினவங்ககிட்டதான் போவா," என்றார் அவர். அவ்வளவு நீளமாக அவர் பேசியதே பெரிய விஷயம்.

ஐப்பசி மாதம். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் கோயில் இருக்கிற இடமே தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. மழை வருகிறமாதிரியும் இருந்தது, வராதமாதிரியும் இருந்தது. பெரிய கடை வீதியில் பட்டப்பகலிலேயே கடைகளுக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். ஜவுளி மூட்டை சுமப்பவர்களுக்கும் ஜட்காக்களுக்கும் நடுவில் இடித்துப் பிடித்துக்கொண்டு மூவரும் நடந்தார்கள். சேற்றில் மருதையின் கால் வழுக்கியது. விழுந்திருப்பான். காத்தமுத்து எட்டி அவன் புஜத்தைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினான்.

"அம்மாடி! பிடிப்பு இருக்கிற கையா இது?" என்றான் மருதை, புஜத்தைத் தேய்த்துக்கொண்டே.

காத்தமுத்து சிரித்தான். அருள்நாதன் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

கையில் காசில்லாதவள் அந்த அரக்குப் பெட்டியைத்தான் விற்பாள். எங்கே விற்பாள்? உள்ளூர்க்காரனுக்கு அது என்னவென்றே தெரியாது. நாலு தேசம் போய் வியாபாரம் பண்ணினவன்தான் கையில் வாங்கிப் பார்ப்பான். அருள்நாதன் நேரே குஜராத்திக்காரர்கள் குடியிருக்கிற சந்துக்குள் நுழைந்தார். இரண்டு பக்கமும் மாடி வீடுகள். இந்த மாடிக்கும் அந்த மாடிக்கும் கயிறு கட்டி வண்ண வண்ணமாகப் புடவை உலர்த்தியிருந்தார்கள். புடவை நுனி தலையில் உரசியது. மருதை ஒரு மஞ்சள் புடவையை விலக்கிவிட்டு, "வாங்க அண்ணே, பந்தலே போட்டு வரவேற்கிறாங்க," என்று திரும்பினான்.

காத்தமுத்துவைக் காணவில்லை.

சந்து முனையில் ஒரு கறுப்புக் குடை மட்டும் தெரிந்தது. மழையே பெய்யவில்லை, ஆனால் எவனோ ஒருவன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் உள்ளே வரவில்லை, அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

உள்ளே ஒரு வீட்டில் வெள்ளைப் புடவைத் தலைப்பை வலது தோளுக்கு முன்னால் போட்ட சேட்டம்மா ஒருத்தி கதவைத் திறந்தாள். போட்டோவைப் பார்த்ததுமே தலையை ஆட்டினாள்.

"வந்துச்சே இந்தப் பொண்ணு! பொட்டி குடுத்துச்சு, நானே வாங்கினேன். அழகான பொட்டி. குடுக்கறப்ப அழுதுச்சு. வேலை கேட்டுச்சு. நூல் சுத்தத் தெரியும்னு சொல்லிச்சு. பட்டுநூல்காரங்க தெருவுக்குப் போன்னு நான்தான் அனுப்பினேன்."

அவர்கள் அந்தச் சந்தின் மறுமுனையில் வெளியே வந்தபோது காத்தமுத்து அங்கே தயாராக நின்றுகொண்டிருந்தான். வாய் நிறைய வெற்றிலை.

"வெத்தலை வாங்கப் போனேன். சுத்திக்கிட்டு வந்துட்டேன்," என்றான்.

"நேரா வந்தா முப்பது தப்படி. சுத்தி வந்தா அரை மைல்," என்றான் மருதை. "உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தான் வழி கண்டுபிடிப்பீங்களா?"

பட்டுநூல்காரர்கள் தெருவில் தறிச் சத்தம் காதை அடைத்தது. சௌராஷ்டிரத்திலிருந்து எந்தக் காலத்திலோ புறப்பட்டு ஊர் ஊராக நெய்துகொண்டே வந்தவர்கள். வீட்டுக்குள் அவர்களுக்குள் பேசுகிற பாஷை வேறு, வாசலுக்கு வந்தால் நல்ல திருச்சித் தமிழ். சாயம் தோய்த்த நூல் கற்றைகளைத் தெரு நெடுக மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஊதாவும் சிவப்புமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மருதை சட்டை கறைபடாமல் குனிந்து வளைந்து போனான். காத்தமுத்து குனியவே இல்லை. நூலுக்கு அடியில் நேராக நடந்து வந்தான். உச்சந்தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்து நெற்றியில் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

அதைப் பார்த்ததும் மருதை முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாயம்தான், ரத்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் பிடிக்கவில்லை.

"நீங்க இப்படி ஓரமா உட்காருங்க," என்று அவனிடம் சொல்லிவிட்டு அருள்நாதன் வீட்டுக்குள் போனார். மருதையும் போனான்.

தறிக்காரர் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "எங்க வீட்டுலதாங்க தறிக்கு நூல்தார் சுத்திக்கிட்டிருந்தா. நல்ல பொண்ணு. ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போனவ மூச்சு வாங்க ஓடி வந்தா. மொகத்துல ரத்தமே இல்லை. 'பார்த்துட்டான், என்னைப் பார்த்துட்டான்'னா. யாருடீன்னு கேட்டா வாயத் திறக்கலை. அன்னிக்கே மூட்டையைக் கட்டிட்டா. போறப்ப நல்ல துணிக்கடை எதுன்னு கேட்டா. பள்ளிவாசல் பக்கம் கியாசுதீன் பாய் கடையைச் சொன்னேன்."

வெளியே வந்ததும் மருதைக்குத் தாங்கவில்லை. "சார், எவனோ அந்தப் பொண்ணைத் துரத்தறான். நல்லவேளை, அண்ணன்காரர் வந்து சேர்ந்தாரு. இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?"

அருள்நாதன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதையும் அவர்கிட்ட உளறாதே," என்று மட்டும் சொன்னார்.

நத்தர்ஷா பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும்போது வானம் இன்னும் கறுத்தது. புறாக்கள் கோபுர விளிம்பில் ஒடுங்கிக்கொண்டன. அத்தர் மணமும் பொரித்த இறைச்சி மணமும் கலந்து வந்தன. மருதை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். கூட்டத்துக்குள் அந்தக் கறுப்புக் குடை மறுபடியும் தெரிந்தது. ஊரில் கறுப்புக் குடைக்கா பஞ்சம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கியாசுதீன் பாய் ரங்கூனில் மொகல் தெருவில் கடை வைத்திருந்தவர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கடையை அப்படியே போட்டுவிட்டுக் காடும் மலையுமாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். வழியில் மனைவியைப் புதைத்துவிட்டு வந்தார். அதைப் பற்றிப் பேச மாட்டார். மற்றபடி தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுக்கிற மனிதர்.

"வந்தாங்க அந்தம்மா," என்றார் போட்டோவைப் பார்த்து. "பர்மாப் பொம்பளைங்க கட்டற லுங்கி கேட்டாங்க. இங்க வந்தப்புறம் வரவழைச்ச பழைய சரக்குல ஒண்ணு ரெண்டு கெடந்துச்சு. கடுஞ்செவப்புல பெரிய பெரிய மஞ்சப் பூ. எவளும் வாங்கலை, அவ்வளவு கண்ணைப் பறிக்கும். 'இதான் வேணும் பாய், தூரத்துலேருந்தே தெரியணும்'னாங்க."

மருதை வாய்விட்டுச் சிரித்தான். "ஒருத்தனுக்குப் பயந்து ஒளியறவங்க சாம்பல் கலர் கேப்பாங்க. இவங்க திருவிழாக் கலர் கேட்டிருக்காங்களே!"

அருள்நாதன் சிரிக்கவில்லை. "எங்க குடியிருக்காங்க?"

"பாலக்கரையில, ரங்கூன்காரங்க சந்துல. என்னோட நடந்து வந்தவங்கதான் அங்க குடிசை போட்டாங்க. இப்ப கப்பல்ல வந்தவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க."

மருதை வெளியே வந்துவிட்டான். அருள்நாதன் மட்டும் பின்தங்கி, பாயிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். தன் இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக் காட்டியமாதிரி இருந்தது. பாய் தலையைத் தூக்கித் தெருவில் நின்ற காத்தமுத்துவைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்துபோயிற்று. போகிறவனையெல்லாம் டீ குடிக்கக் கூப்பிடுகிறவர் அவனைக் கூப்பிடவில்லை. கடைப் பையனைக் கூடச் சத்தம் போட்டுக் கூப்பிடாமல் தானே செருப்பை மாட்டிக்கொண்டு பின்கட்டு வழியாக எங்கோ புறப்பட்டுப் போனார்.

"என்ன சார் ரகசியம்?"

"நட."

இதுதான் அந்த மனிதரிடம் உள்ள பெரிய கோளாறு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அப்போதே சொல்லியிருந்தால் அடுத்த அரை மணியில் நடந்த கூத்து நடந்திருக்காது.

ரங்கூன்காரர் சந்து நாலு முழ அகலம்தான் இருக்கும். இரண்டு வரிசை ஓட்டு வீடுகள். சந்தின் வாயிலேயே ராக்கம்மாள் என்கிற அம்மாள் இடியாப்பம் பிழிந்து விற்றுக்கொண்டிருந்தாள். போட்டோவைக் காட்டியதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"அவளா? கடைசி வீடு. கேக்கவே வேணாம், வாசல்ல பாவாடை தொங்கும் பாருங்க! கொல்லையில அத்தனை எடம் இருக்கு, இவ பொழுதுக்கும் தெருவாசல் நெலைக்கு மேலதான் அந்தச் செவப்பு லுங்கியைக் கட்டித் தொங்கவிடுவா. ஒரு ஆம்பளை உள்ள போவணும்னா அதுக்கு அடியில தலையை விட்டுத்தான் போவணும். எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கமே போறதில்லை. நாங்களும் அங்கேருந்துதான் வந்தோம், எங்களுக்குத் தெரியாதா மரியாதை? சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். பதிலே பேச மாட்டேங்கறா."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

சந்து முழுக்க ஒரே களேபரம். எல்லா வீட்டிலிருந்தும் பெண்கள் ஓடி வந்து கயிற்றிலிருந்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ராக்கம்மாளும் இடியாப்பத் தட்டை மூடிவிட்டுத் தன் புடவைகளை உருவிக்கொண்டு போனாள். ஒரு நிமிஷத்தில் சந்தில் ஒரு துணி இல்லை.

கடைசி வீட்டு வாசலில் மட்டும் கடுஞ்சிவப்பு லுங்கி அப்படியே தொங்கியது. யாரும் எடுக்க வரவில்லை. அது நனைந்து கனத்து, சொட்டச் சொட்ட, கதவுக்கு மேலே நின்றது.

அந்த வாசல் வரை வந்ததும் அருள்நாதன் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு காத்தமுத்துவைப் பார்த்தார். காத்தமுத்துவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட அண்ணன் அவன். ஆனால் கால் ஓர் எட்டு முன்னால் வரவில்லை.

"நீங்க போய்க் கூட்டியாங்கய்யா," என்றான். "நான் இப்படித் தாவாரத்துல நிக்கறேன். திடுதிப்புனு என்னைப் பார்த்தா அழுதுடுவா. அப்புறம்... அந்தத் துணியைக் கொஞ்சம் எடுத்துடச் சொல்லுங்க. அசிங்கமா இருக்கு."

"நல்லது. நீங்க இங்கயே இருங்க," என்றார் அருள்நாதன், மிகவும் சாதுவாக. "மருதை, எதையும் தொடாம என் பின்னால வா."

எதையும் தொடாதே என்பது அவர் எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் சொல்கிற மந்திரம். மருதை அதைக் காதில் போட்டுக்கொண்டு பல காலமாயிற்று. அவர் குனிந்து உள்ளே போனார். மருதை குனிந்தபோது லுங்கியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் அவன் பிடரியில் கொட்டியது. "அட, உன் பூவுல இடி விழ!" என்று அதை இழுத்தான். கயிற்றோடு கையில் வந்துவிட்டது. பாவம், ஒரு பொம்பளையின் துணி மழையில் ஊறிக் கெட்டுப்போகிறதே என்ற நல்ல எண்ணமும் கொஞ்சம் இருந்தது. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

உள்ளே இருட்டு. மூலையில், கையில் அரிவாள்மணையோடு ஒரு பெண் நின்றாள். போட்டோவில் இருந்தவள்தான். அந்த முகத்தில் இருந்த பூரிப்பு மட்டும் இதில் இல்லை.

"பயப்படாதீங்கம்மா. நான் அருள்நாதன். முன்னால போலீஸ்ல இருந்தவன்." அவர் கதவுக்கு எதிர்ப்பக்கமாகப் போய், மழைச் சத்தத்தைத் தாண்டி வெளியே கேட்காத குரலில் பேசினார். "உங்களுக்கு அண்ணன் இருக்காரா?"

"அண்ணனா? நான் ஒத்தைப் பொண்ணுங்க."

மருதைக்குப் பகீரென்றது.

"வெளிய ஒருத்தன் உங்க அண்ணன்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்கறான். வலது கையில எதை வாங்கினாலும் இடது கையால முழங்கையைத் தொட்டுக்கறவன். பர்மாவுல பெரியவங்களுக்குக் காட்டற மரியாதை அது, பாய் சொன்னார். கப்பலையே பார்த்ததில்லைன்னவனுக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்துச்சு? போட்டோவுல மாப்பிள்ளை முகத்தை வேணும்னே நறுக்கியிருக்கான். நூலுக்கு அடியில போறான், புடவைக்கு அடியில போக மாட்டேங்கறான். யாரும்மா அவன்?"

அவள் அரிவாள்மணையைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

"வந்துட்டானா?" என்றாள். அப்புறம் மளமளவென்று கொட்டினாள். "எங்க வீட்டுக்காரருக்கு பர்மாவுல மோல்மேன் ஊர்ல படகு. அவருகிட்ட வேலை பார்த்தவன். அங்கயே பொறந்து வளர்ந்தவன். எங்களுக்குக் கப்பலுக்கு எல்லாம் எழுதியாச்சு. கெளம்பறதுக்கு முன்னால ஆத்துல அவரைத் தள்ளி, மேல வரவிடாம துடுப்பால... நான் கரையில நின்னு பார்த்தேங்க. என் கண்ணால பார்த்தேன். அவரு காகிதம், கலியாணப் போட்டோ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு அவரு பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் அவன் கப்பல் ஏறியிருக்கான். இந்தத் தேசத்துல அவன் இப்ப என் புருஷன். இல்லைன்னு சொல்ல உலகத்துல நான் ஒருத்திதான் இருக்கேன்."

"அதான் வாசல்ல துணி," என்றார் அருள்நாதன்.

"பொம்பளை இடுப்புத் துணிக்கு அடியில போனா ஆம்பளையோட பலமெல்லாம் எறங்கிப் போயிடும்னு அங்க நம்பிக்கை. கொலை பண்ணப் பயப்பட மாட்டான், இதுக்குப் பயப்படுவான். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லீங்க. அந்தத் துணி இருக்கற வரைக்கும்தான் நான் தூங்கறேன்."

மருதை தன் கக்கத்தைப் பார்த்தான். அதிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஒரு சின்னக் குளம் கட்டியிருந்தது.

"சார்," என்றான். "சார்... பூட்டு என்கிட்ட இருக்கு."

வள்ளிக்கண்ணு அதைப் பார்த்தாள். கத்தக்கூட இல்லை. கதவைத்தான் பார்த்தாள்.

வாசலில் வெளிச்சம் அடைபட்டது. காத்தமுத்து நின்றான். தலைக்கு மேலே நிலையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டான். பிறகு உள்ளே காலடி வைத்தான். தோள் பிடிப்பெல்லாம் பறந்துவிட்டது. வலது கையில் மடக்குக் கத்தி விரிந்திருந்தது.

"ரொம்ப நன்றிங்கய்யா," என்றான் அருள்நாதனிடம். "எத்தனை நாளா தேடறேன். நடந்தே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க."

அந்தச் சாந்தமான பேச்சுதான் மருதையை உலுக்கிவிட்டது. இந்தப் பெண்ணின் வீட்டைத் தேடித் தெருத் தெருவாகச் சிரித்துக்கொண்டே இவனைக் கூட்டி வந்தோமே, கடைசியில் கதவையும் திறந்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. யோசிக்க நேரமில்லை. காத்தமுத்து அவளை நோக்கிப் பாய்ந்தான். மருதை கக்கத்தில் இருந்ததை உதறி, வலை வீசுகிறமாதிரி அவன் தலை மேல் வீசினான்.

ஈர லுங்கி அவன் தலையிலிருந்து இடுப்பு வரை அப்பிக்கொண்டது.

மனுஷன் போட்ட கூச்சல் இருக்கிறதே, அப்படி ஒரு கூச்சலை மருதை அதுவரை கேட்டதில்லை. கத்தியால் குத்துப்பட்டவன்கூட அப்படிக் கத்த மாட்டான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் துணியைப் பிய்த்தான். ஈரத்துணி விடுமா? மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அருள்நாதன் நிதானமாக அவன் காலை வாரிவிட்டார். விழுந்தவன் முதுகில் முழங்காலை வைத்துக் கையைப் பின்னால் முறுக்கினார். துணியை எடுத்த பிறகும் அவன் எழுந்திருக்க முயலவில்லை. சுவரைப் பார்த்துக் குறுகிக்கொண்டு கிடந்தான். மருதை கத்தியைக் காலால் தள்ளிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். கியாசுதீன் பாய் பாலக்கரை ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையும் இரண்டு கான்ஸ்டபிள்களையும் கையோடு அழைத்து வந்துவிட்டார். வேட்டியெல்லாம் சேறு. வள்ளிக்கண்ணு உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காத்தமுத்துவை இழுத்துக்கொண்டு போனார்கள். மழையும் விட்டுவிட்டது.

"சார், ஒரு வேண்டுகோள்," என்றான் மருதை. "அடுத்த தடவை எது துணி, எது பூட்டுன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. கொலைகாரனுக்குக் கதவு திறந்துவிட எனக்கு இஷ்டமில்லை."

அருள்நாதன் முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டினார். "சொல்லியிருக்கணும்," என்றார். "தப்புதான் மருதை." மருதைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை வந்து இதுவரை யாரும் கேட்டதில்லை.

வள்ளிக்கண்ணு சேறும் நீருமாகக் கிடந்த லுங்கியைத் தரையிலிருந்து எடுத்தாள். ஒரு வாளித் தண்ணீரில் அலசினாள். பிழிந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அறுந்த கயிற்றை முடிந்து, மறுபடியும் தெருவாசல் நிலைக்கு மேலேயே கட்டத் தொடங்கினாள்.

"இன்னும் எதுக்கும்மா?" என்றான் மருதை. "அதான் பிடிச்சாச்சே! இனிமே கொல்லையில காயப்போடுங்க. ராக்கம்மா சந்தோஷப்படுவாங்க."

அவள் முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் திரும்பினாள்.

"படகுல அவன்கூட இன்னொருத்தனும் இருந்தான் தம்பி."

மருதை மெதுவாகத் தலையைத் திருப்பினான். சந்தின் வாயில், மழை விட்ட தைரியத்தில் ராக்கம்மாள் தன் புடவைகளை மறுபடியும் குறுக்குக் கயிற்றில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு அப்பால் ஒரு கறுப்புக் குடை வந்துகொண்டிருந்தது. புடவை வரைக்கும் வந்தது. நின்றது. பிறகு அடியில் நுழையாமல், வந்த வழியே திரும்பி நடந்தது.